வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு

மீட்டர் பார்க்கிற அம்மாளைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். அது எனக்குச் சுலபமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முக்கால்வாசி நாள் அவளை நினைத்து வயிறெரிந்திருக்கிறேன்.

குடிநீர் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். புதுக் குழாய், பெயர் மாற்றம், உடைப்பு, புகார், எதுவானாலும் என் மேசையைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்த வேலையில் எனக்கென்று பெரிய பேர் கிடையாது. பேர் கிடைத்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மதியத்தில். பதினோரு வருடத்துக்கு முன்பு எங்கள் கேன்டீனை மூடியபோது நானும் காசாளரும் தண்ணீர் லாரி ஓட்டுநரும் வாரம் ஒரு நாள் வெளியே சாப்பிடுவதென்று ஆரம்பித்தோம். வாரம் ஒரு கடை. எல்லோரும் ஒரே பதார்த்தத்தைத்தான் வாங்க வேண்டும், ஆளுக்கொன்று வாங்கினால் கடையை எப்படி எடைபோடுவது? முதல் கரண்டி என்னுடையது. நான் சாப்பிட்டுப் பார்த்து வாய் திறக்கும்வரை மற்ற இருவரும் கரண்டியைத் தொட மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்த பழக்கம். நான் சொன்ன பிறகு பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, காசாளர் அதைத் தன் மேசைக் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே எழுதிவைப்பார். சனிக்கிழமை குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று இன்ஜினியரே என்னிடம் ஆளனுப்பிக் கேட்பார். ஓட்டுநர் எனக்கு வைத்த பெயர் தீர்ப்பு. "தீர்ப்பண்ணே" என்று அவர் கூப்பிட்டால் வேண்டுமென்றே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பேன்.

வீட்டில் இந்த மரியாதை நடக்காது. சாம்பாரில் உப்பு தூக்கல் என்று ஒரு நாள் சொன்னேன். மனைவி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து என் தீர்ப்பெல்லாம் வெளியில் மட்டும்தான்.

இப்படி இருந்தபோதுதான் அவள் வந்தாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். வீட்டுக்காரர் வெளியூரில் மர வேலை. வீட்டில் மாமியாரும் ஒன்பது வயதுப் பெண்ணும். வெயிலில் ஒரு நாளைக்குப் பதினாலு தெரு நடப்பாள். மீட்டர் குழியின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குந்தி உட்கார்ந்து, மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்வாள். குழிக்குள் தவளை இருக்கும், சில சமயம் தேளும் இருக்கும். அவளுக்கு முன்னால் இருந்தவர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே எண்களைப் போட்டுவிடுவார். இவள் ஓர் எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. அதைக்கூட நான் குறையாகத்தான் பார்த்தேன் என்றால் என் மனநிலையைப் புரிந்துகொள்ளுங்கள்.

காசாளர்தான் அவளை வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எனக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மரியாதை தெரிந்த பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒன்பதாவது வாரம் அவரைக்காய் சூப். முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு என் வாக்கியத்தை மனதில் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளும் ஒரு கரண்டி வாயில் வைத்திருந்தாள், எதிரிலிருந்து குரல் வந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கல், இல்ல சார்? மத்தபடி நல்லா இருக்கு."

நான் சொல்லவிருந்ததும் அதுதான். என்ன, நான் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருப்பேன். மற்ற இருவரும் சாப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் எண்ணெய் பழசு என்றாள், அதுவும் சரி. அதற்கடுத்த வாரம் தக்காளிப் புளிப்பு. ஒவ்வொரு தடவையும் நான் வாய் திறப்பதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால். மூன்று மாதத்தில் நான் கரண்டியைக் கீழே வைத்ததும் இருவருடைய கண்ணும் அவள் பக்கம் போக ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை காலை இன்ஜினியரின் ஆள் என் மேசையைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டான். அன்று முழுக்க எந்தக் கோப்பிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் காப்பியை நிறுத்தினேன். நாக்கை இரண்டு தடவை வழித்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். "நாக்குக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்? பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்றாள் மனைவி. நாக்கில் குறையில்லை, வேகத்தில்தான் குறை என்று புரிந்தது. அவளுக்கு முன்னால் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடை திறந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே மீன் சூப் சாப்பிடுவதென்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை மதியம் மேல் அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாகப் போய் அதே மீன் சூப்பைச் சாப்பிட்டேன். மிளகு அதிகம். மீன் உடையாமல், பதமாக வெந்திருந்தது. இரண்டு அழகான வாக்கியம் தயார் செய்துகொண்டு, இரவு படுக்கையில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் நால்வரும் போனோம். பரிமாறுகிறவர் வந்து ஏதோ சொன்னார், காசாளர் சரி என்றார். நான் என் வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணங்கள் வந்தன. ஒரு கரண்டியை வாயில் ஊற்றி, கண்ணைக்கூட மூடாமல், அவளையே பார்த்தபடி சொன்னேன்: "மிளகு ஒரு சிட்டிகை அதிகம். ஆனா மீன் பாருங்க, முள்ளு கழண்டிருக்கு, சதை உடையல. அதான் கை பக்குவம்."

காசாளர் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் சிரித்தார். இன்றைக்கு மீன் வரவில்லை, கோழி சூப்தான் இருக்கிறது என்று பரிமாறுகிறவர் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். என் கிண்ணத்தில் கோழிக் கால் எலும்பு மிதந்துகொண்டிருந்தது.

அப்போது அவள்தான் பேசினாள். "சாருக்கு நேத்துலேருந்து ஜலதோஷம். காலைல நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூக்கு அடைச்சிருந்தா எது என்னன்னு எப்படித் தெரியும்?" இவ்வளவு சரளமாக ஒரு பொய்யை அந்த அலுவலகத்தில் நானே சொன்னதில்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் எரிந்தது. நாக்குதான் பெரிது என்று நினைத்தால் மனசும் பெரிதாக இருக்கிறதே!

சாயங்காலம் அவள் எண் குறித்த புத்தகத்தை ஒப்படைக்க வந்தபோது கேட்டுவிட்டேன். "எதுக்கும்மா பொய் சொன்னே?"

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு உங்க முகத்துல ஒண்ணுமே இல்ல சார். அதான் பயந்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்ததாம். அதோடு வாசனை போனது, ருசியும் போனது. பால் கெட்டுப்போனால்கூடப் பெண்தான் மோந்து பார்த்துச் சொல்லுமாம். சாப்பாடு என்றாலே காகிதத்தை மெல்வதுபோல இருக்குமாம். அப்படியானால் வெள்ளிக்கிழமை சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"உங்களப் பார்த்துச் சொன்னதுதான் சார். உப்பு அதிகம்னா உங்க கை தன்னால டம்ளர் பக்கம் போகும். புளிப்புன்னா இடது கண்ணு சுருங்கும். எண்ணெய் பழசுன்னா உதட்ட ரெண்டு தடவ துடைப்பீங்க. நல்லா இருந்துச்சுன்னா புருவம் ரெண்டும் கீழ இறங்கி, தூங்கப்போற குழந்தை மாதிரி ஆயிடுவீங்க. அதப் பார்த்தா எனக்கும் கொஞ்சம் பசிக்கும். வாரத்துல அந்த ஒரு நாள்தான் சார் பசிக்குது."

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே மனம் இளகியிருக்கும். எனக்கும் ஒரு நிமிடம் இளகியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கணக்கு வேறு மாதிரி ஓடியது. அவள் சொன்ன அத்தனை தீர்ப்பும் என்னுடையது. என் சரக்கைத் தன் கடையில் வைத்து விற்றுப் பேர் வாங்கியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுகூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நான் சொல்லிக் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைவிடச் சுலபமான வழி என் முகத்திலேயே இருந்தது. அந்த ஒரு வாரமும் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கெட் பின்பக்கத்துக் கடை. உருளைக்கிழங்கு போட்ட இறைச்சிக் குழம்பும் ரொட்டியும். குழம்பு அடிப்பிடித்திருந்தது. கிண்ணம் மேசைக்கு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மற்ற இருவருக்கும் வாயில் வைத்தால்தான் தெரியும். முதல் கரண்டி எடுத்தேன். தீய்ந்த கசப்பு தொண்டைவரை இறங்கியது. கையை டம்ளர் பக்கம் விடவில்லை. புருவம் இரண்டையும் மெதுவாக இறக்கி, தூங்கப்போகிற குழந்தையானேன்.

அவள் முகம் மலர்ந்தது. "இன்னிக்குப் பிரமாதம். ஒன்பது போடலாம்."

ஓட்டுநர் ஒரு வாய் வைத்துவிட்டு ரொட்டிக் காகிதத்தில் துப்பினார். "என்னம்மா இது, அடிப்பிடிச்சு நாறுது." காசாளர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, சந்தேகமும் இல்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பதறுகிற பார்வை. நான் அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சு போல என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. இரண்டாவது கரண்டி எடுத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு," என்றேன். "அந்தம்மா சொன்னது சரிதான்."

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அப்படியொரு கண்றாவியை என் ஆயுளில் சாப்பிட்டதில்லை. ஓட்டுநர் அன்றே தீர்ப்புக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்: போன வாரம் கோழியை மீன் என்றவர், இந்த வாரம் தீய்ந்ததை நன்றாக இருக்கிறது என்கிறார், அண்ணனுக்கு நாக்கு போய்விட்டது, அம்மா பாவம் பெரியவர் ரசித்துச் சாப்பிடுகிறாரே என்று மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறாள். அலுவலகம் முழுக்க அதுவே பேச்சானது.

மாடிப்படியில் அவள் என்னை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கும் போயிடுச்சா சார்? ஜலதோஷம்னு நான் பொய் சொன்னேனே, அது பலிச்சிடுச்சா?"

உன்னை அவமானப்படுத்தத்தான் முகத்தை அப்படி வைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

"ஆமாம்மா, கொஞ்ச நாளாவே சரியில்ல," என்றேன். "உன்னால இல்ல."

"பழகிடும் சார்," என்று என் கையைத் தொட்டாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை நாங்கள் நால்வரும் போகிறோம். முதல் கரண்டி இப்போது காசாளருடையது. என் நாக்கு எப்போதும்போல நன்றாகத்தான் இருக்கிறது. எந்தக் கடையில் எது குறை என்று எனக்குத் தெரிகிறது, என்னை ஒருவரும் கேட்பதில்லை. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். எதிரே காசாளர். அவர் சாப்பிடுவதை உற்றுப் பார்த்துவிட்டு, என் மனம் கஷ்டப்படக் கூடாதென்று என் காதருகே குனிந்து, "உப்பு கம்மி சார்," "நல்ல காரம் சார்" என்று மெதுவாகச் சொல்கிறாள். பாதிக்கு மேல் தப்பு. அந்த ஆளுக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் இப்போது அவளுக்குப் பசிக்கிறது. நான் அப்படியா என்று தலையாட்டிக்கொண்டு, வயிறெரிய எரியச் சாப்பிடுகிறேன்.