லாலாங் புல்லை வாரிய பிற்பகல்

பிற்பகல் இரண்டேகால் மணி. ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்த உத்தரவைக் கொடுத்தேன். அரை மணி கழித்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் திரும்பி வந்து வாசலில் நின்றார். அவர் கையில் ஒரு பழைய பால் டின். அடியில் ஆணியால் துளை போட்டிருந்தது.

“டிரெஸரம்மா பாத்தியில புல்லு வாரியாச்சுங்க கிராணி. இந்த டின்னு வேற செடிக்குச் செடி பொதைச்சிருக்கு. இதையும் புடுங்கணுமா?”

“எல்லாத்தையும்.”

“செத்த புல்லுலா அது. எங்கேருந்து மொளைக்கப் போவுது?”

“துரை உத்தரவு,” என்றேன். அவர் டின்னோடு திரும்பிப் போனார். தோட்டத்து மானேஜரான துரை அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஈப்போ பக்கம், பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம் அது. தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. அதிலும் லாலாங் புல் என்றால் திருடனைக் கண்ட மாதிரி. புல் வெட்டும் ஆட்களுக்குத் தினமும் பேர் போட்ட எனக்கு, வெறும் மண்தான் சுத்தமான மண் என்று பட்டிருந்தது. அடுத்த வீட்டு டிரெஸரம்மாவோ அந்த லாலாங்கையே வெட்டிக் காயவைத்து, தன் தக்காளிப் பாத்தியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரின் மனைவி அவர். அவர் செய்தது விதிமீறல் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் காரணம் அதுவல்ல.

என் மனைவி இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மகளுக்கு ஒன்பது வயது. அவளைச் சிரிக்க வைக்கத்தான் தக்காளி விதை வாங்கி வந்தேன். பாதியை டிரெஸரம்மாவுக்கும் கொடுத்தேன். ஒரே விதை, ஒரே வாரம் நட்டது. மழை நின்று வெயில் கொளுத்தத் தொடங்கியதும் என் செடிகள் நடுப்பகலில் தலை தொங்கின. ஓடிப்போய் வாளி வாளியாக இலைமேலே ஊற்றினேன். காற்றுப் படட்டும் என்று கீழ் இலைகளைக் கிள்ளினேன். இலைகள் சுருண்டன, பூக்கள் உதிர்ந்தன, தப்பிப் பிடித்த நாலைந்து காய்களும் வெயில் பட்ட பக்கம் வெளுத்துத் தோல் சுருங்கின.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி எதுவும் இல்லை. மேற்கு வெயிலுக்கு ஓர் அத்தாப்பு ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்திருந்தார். விடியற்காலையில் டின்னை நிரப்பினால் துளை வழியே வேருக்கு மட்டும் நீர் கசியும். இலையைத் தொடமாட்டார். “மத்தியானம் தலை தொங்குறது களைப்புண்ணே. பொழுது சாஞ்ச பெறகும் தொங்குனாத்தான் தாகம்,” என்று வேலிக்கு மேலாகச் சொன்னார். எனக்குச் சொன்னது போலவே இல்லை. என் மகளுக்குச் சொன்னது போல இருந்தது.

டின்களை நிரப்புவது மகளின் வேலையாகிப் போனது. விழித்ததும் என் முகத்தைப் பாராமல் அங்கே ஓடுவாள். திரும்பும்போது அவள் விரல்களில் தக்காளி இலையின் பச்சை வாடை இருக்கும். “அத்தை சொன்னாங்க” என்று தொடங்காத பேச்சே அவளிடம் இல்லை. ஒருநாள் இரண்டு பழம் கொண்டுவந்து ரசம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். நல்ல ரசம்தான். உப்புக் கரிக்கிறது என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். செடிகள் அழகாக இருந்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். டிரெஸரம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட அந்தச் சடையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் அம்மா பின்னுவது போலவே பின்னியிருந்தார்.

அன்று டிரெஸர் மருந்து வாங்க ஈப்போ போயிருந்தார். டிரெஸரம்மா தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தார். பள்ளிவிட்டு வந்த மகள் வெறும் மண்ணையும் துவண்டு கிடந்த செடிகளையும் பார்த்திருக்கிறாள். எறிந்த டின்களைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றுக்கும் பாத்திக்குமாக, தலையில் துணிகூட இல்லாமல் நடந்திருக்கிறாள். எத்தனை நடை என்று யாருக்கும் தெரியாது.

மண்டோர் கத்திக்கொண்டு வந்தபோது ஓடினேன். அத்தாப்பு நிழலில், லயத்திலிருந்து திரும்பியிருந்த டிரெஸரம்மாவின் மடியில் அவள் கிடந்தாள். முகம் செக்கச் சிவந்து, உடம்பு அடுப்புக்கல் மாதிரி. ஈரத் துணி சுற்றி விசிறிக்கொண்டிருந்தார். இதை எழுதக் கூசுகிறது. என் பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், யார் மடியில் கிடக்கிறாள் என்பதுதான் என் கண்ணில் பட்டது.

பொழுது சாயும்போது கண் திறந்தாள். “அத்தை, புல்ல யாரு வாரினது?” என்றாள்.

டிரெஸரம்மா என்னைப் பார்த்தார்.

“துரை உத்தரவு,” என்றேன், இரண்டாம் முறையாக.

“சரி, தூங்கு பாப்பா,” என்று மட்டும் சொன்னார். அவர் பாத்தியின் பதினோரு செடியில் இரண்டுதான் பிழைத்தன.

இப்போது ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருக்கிறோம். மகளுக்குப் பதினான்கு வயது. அவள் வெயிலில் இறங்கினால் இன்னும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அவளிடம் திட்டு வாங்குகிறேன். கொல்லையில் தக்காளி போட்டிருக்கிறோம். இந்த வருட வெயிலுக்கு நானே லாலாங் வெட்டிவந்து பரப்பினேன், டின்னில் துளை போட்டேன். செடிகள் நன்றாக இருக்கின்றன. அதைக்கூட, இப்போது சுங்காய் ஊரில் இருக்கும் அத்தைக்குத்தான் அவள் முதலில் எழுதினாள். அந்தக் கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். ஒட்டியிருந்ததைப் பிரிக்காமல் சேர்த்ததே பெரிய காரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை டிரெஸரம்மா வந்தார். மகள் அவர் தோளைக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு அழைத்துப் போனாள். பிறகு காப்பி போட உள்ளே ஓடினாள். டிரெஸரம்மா குனிந்து ஒரு பால் டின்னை விரலால் தட்டிப் பார்த்தார்.

“லாலாங் புல்லா? ஒங்க பாத்தியிலயாண்ணே?” என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னிக்கு துரை தோட்டத்துலயே இல்லண்ணே. எங்க வீட்டுக்காரர ஈப்போவுக்குக் காருல கூட்டிட்டுப் போனதே அவருதான். அஞ்சு வருஷமா புள்ளகிட்ட நான் வாயத் தொறக்கல. அது நீங்க சொல்ல வேண்டியதுலா.”