மிஸ்ஸம்மாவின் பீங்கான் கோப்பை

பாக்கியமணியக்காவுக்குப் பொறாமை வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு பாத்திரங்கள் உருளும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் மூக்கைப் பார்க்காமலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் கருங்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் போல இரக்கமுள்ள பெண்ணும் கிடையாது, அவரைப் போல வயிறு எரிந்த பெண்ணும் கிடையாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கணவர் காய்ச்சலில் போன பிறகு மிஷன்காரர்கள் அவரை ஊழியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். தொழிலாளர்களின் வரிசைவீடுகளுக்கு லயம் லயமாகப் போக வேண்டும், ஜெபம் பண்ண வேண்டும், பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தோட்டத்தில் அவருக்கு வேதக்கார அக்கா என்று பெயர். ஐம்பத்திரண்டாம் வருஷம் இங்கிலாந்திலிருந்து மிஸ் பெர்ரிமன் வந்து சேர்ந்தார், எங்களுக்கு மிஸ்ஸம்மா. கல்யாணம் ஆகாதவர், புண்ணுக்கு மருந்து கட்டத் தெரிந்தவர், நெட்டையானவர். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் குனிய மறந்து வாரத்துக்கு ஒருமுறையாவது நெற்றியை இடித்துக்கொள்வார். அவரோடு கூடப் போய், அவர் பேசுவதை எங்கள் பேச்சில் எடுத்துச் சொல்லும் வேலை அக்காவுக்கு வந்தது. அன்றிலிருந்து அக்காவின் நடையே மாறிவிட்டது.

மிஸ்ஸம்மா முன்னே போவார். அக்கா பிரம்புக்கூடையோடு பின்னே போவார். கூடைக்குள் துவாலையில் சுற்றி ஒரு பீங்கான் கோப்பையும் தட்டும் இருக்கும். நீலப்பூப் போட்டது, மிஸ்ஸம்மாவின் தாயார் கொடுத்தனுப்பியது. எந்த வீட்டில் நுழைந்தாலும் அடுப்பில் பால் சேராத வெறும் தேயிலைச் சாயத்தண்ணி கொதிக்கும். உடனே அக்கா கோப்பையை எடுத்துத் துடைத்து முன்னால் வைப்பார்.

“இதிலே ஊத்து. மிஸ்ஸம்மா இதிலேதான் குடிப்பாங்க.”

வந்த புதிதில் மிஸ்ஸம்மாவுக்கு வயிற்றோட்டம் வந்தது உண்மைதான். முதல் மாதம் அந்த வயிற்றுக்காகத்தான் அக்கா கோப்பையைத் தூக்கினார். பிறகு தனக்காகத் தூக்கினார். அதைக் கழுவுவதும், துடைப்பதும், சுற்றி வைப்பதும் தோட்டத்திலேயே அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை. தோட்டத்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா வீட்டு அம்மா ஒருநாள் அந்தக் கோப்பையைக் கழுவித் தர எடுத்தபோது, அக்கா வெடுக்கென்று கையிலிருந்து வாங்கிக்கொண்டதை நானே பார்த்தேன்.

பெண்கள் கோப்பையில் ஊற்றிவிட்டுக் கதவோரம் நிற்பார்கள். மிஸ்ஸம்மா கேட்பார், அக்கா எடுத்துச் சொல்வார், அவர்கள் ‘ஆமாங்க’ என்பார்கள், ‘இல்லீங்க’ என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை விழாது. புண் வந்தால்கூட மிஸ்ஸம்மாவிடம் வரமாட்டார்கள், மஞ்சளை அரைத்துப் பூசிக்கொள்வார்கள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

“இவர்கள் ஏன் என்னோடு பேசுவதில்லை, பாக்கியமணி?” என்று மிஸ்ஸம்மா தன் புத்தகத் தமிழில் கேட்பார். குரலில் உண்மையான வருத்தம் இருக்கும்.

“கூச்சம் மிஸ்ஸம்மா. அதுங்க அப்படித்தான். நான் இருக்கேனே” என்பார் அக்கா. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் திருப்தியை மிஸ்ஸம்மா கவனித்ததில்லை.

மேல்லயத்தில் காளியாயி என்று கொழுந்து பறிக்கும் ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாதவள். அவள் மகளுக்குக் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் குச்சி ஏறிப் பாதம் சீழ் வைத்துவிட்டது. மஞ்சளுக்கு அடங்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் மிஸ்ஸம்மாவைக் கூப்பிட்டாள். தினமும் போய்க் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து கம்பளிக்குள் சுருண்டுவிட்டார். மிஸ்ஸம்மா மழையில் தனியாக மேலே ஏறினார். கூடை அக்கா வீட்டு ஆணியில் தொங்கியது.

கட்டுப் போட்டு முடிந்ததும் காளியாயி சாயத்தண்ணி வைத்தாள். வைத்த பிறகுதான் ஊற்ற கோப்பை இல்லை என்பது உறைத்தது. வீட்டில் இருந்தது விளிம்பு நசுங்கிய ஒரு தகர டம்ளர். அதை எடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்கி நிற்க, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த மிஸ்ஸம்மா தானே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அவருடைய மற்றக் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டாள் காளியாயி.

“நக்கிக்கிட்டே குடிங்க மிஸ்ஸம்மா. சூட்டுக்கு இதமா இருக்கும்.”

மிஸ்ஸம்மா கையைப் பார்த்தார், காளியாயியைப் பார்த்தார், பிறகு நக்கினார். மூக்கு நுனியில் சீனி ஒட்டிக்கொண்டது. காளியாயி சிரித்துவிட்டாள். மிஸ்ஸம்மாவும் சிரித்தாராம்.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேறு பேச்சே இல்லை. வெள்ளைக்கார மிஸ்ஸம்மா காளியாயி வீட்டுத் தகர டம்ளரில் வாய் வைத்துக் குடித்தார். மறுநாள் நடுலயத்து நாகலெட்சுமி வாசலில் நின்று மிஸ்ஸம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அதற்கடுத்த நாள் புண்காரப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பேச ஆரம்பித்தார்கள், அவர்கள் பேசிய வேகத்துக்கு மிஸ்ஸம்மாவின் தமிழ் மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் ஓடியது.

இதெல்லாம் கம்பளிக்குள் கிடந்த அக்காவின் காதுக்கு வந்தது. அன்று எங்கள் சுவருக்கு அப்பால் இரண்டு சட்டியும் ஒரு மூடியும் உருண்டன.

காய்ச்சல் விட்டதும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மிஸ்ஸம்மா அவர் தோளில் கைவைத்து, “கூடை இனி வேண்டாம் புள்ள” என்றார்.

கூடை வேண்டாம் என்றதை அக்கா எப்படியோ தாங்கிக்கொண்டார். அந்தப் ‘புள்ள’ காளியாயியின் சொல். அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் அக்கா பட்டபாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காளியாயி வேதத்தில் சேரவும் இல்லை. வருஷா வருஷம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், மிஸ்ஸம்மாவைக் கூப்பிட்டு ஓரமாக உட்காரவும் வைத்தாள். மகள் பெரியவளானபோது சடங்குக்கு மிஸ்ஸம்மா வந்து பூ வைத்தார். “ஞானஸ்நானம் வாங்கினவ நான். ஜெபம் பண்ணிப் பண்ணி முட்டி தேஞ்சவ நான். கோழி அறுக்கிறவ வீட்டிலே போயி உக்காந்துக்கிட்டுச் சிரிக்கிறாங்க” என்று என்னிடம் பொருமுவார். காளியாயி மருந்துக்காகத்தான் ஒட்டிக்கொள்கிறாள் என்று மிஸ்ஸம்மாவிடம் போட்டுக்கொடுத்தும் பார்த்தார். மிஸ்ஸம்மா, “மருந்துக்காகத்தானே நான் போகிறேன்” என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வெடித்தது. குடம் வைப்பதில் ஆரம்பித்த பேச்சு மிஸ்ஸம்மாவில் வந்து நின்றது.

“நான் கொண்டாந்து காட்டின ஆளை நீ மடக்கிப் போட்டுக்கிட்டே” என்றார் அக்கா.

காளியாயி கோபப்படவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

“நான் ஒண்ணு கேக்குறேன் அக்கா, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. பெரிய கங்காணி வீட்டு அம்மா நம்ம லயத்துக்கு வந்தா, தண்ணி குடிக்கத் தன் சொம்பை ஆள்கிட்டக் குடுத்துத் தூக்கிட்டு வருவாங்களா இல்லையா? ஏன் தூக்கிட்டு வர்றாங்க? நம்ம ஏனம் தீட்டுன்னுதானே. மிஸ்ஸம்மாவும் அப்படித்தான்னு ரெண்டு வருஷம் நெனச்சோம். அவங்க வயிறு எங்களுக்குத் தெரியாது. சொம்பு தூக்கிறதுன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

அக்காவுக்குத் தெரியும். அவருடைய அம்மா கங்காணி வீட்டு வாசலில் சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் அவர்கள் வீட்டில் வேதத்துக்கே போனார்கள். அக்கா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்று சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆனாலும் காளியாயி மேலிருந்த எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடியது.

அறுபத்திரண்டில் மிஸ்ஸம்மாவுக்கு இலங்கையில் தொடர்ந்து தங்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. லயம் முழுக்க அழுதது. அழுகைக்கு நடுவே அந்த நீலப்பூக் கோப்பை யாருக்கு என்ற பேச்சும் நடந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அதை எடுத்துத் துடைத்து மட்டும் வைத்தார்.

போகிற நாளன்று மிஸ்ஸம்மா வீடு வீடாக ஏறினார். காளியாயியிடம் அந்த நசுங்கிய டம்ளரைத் தரமுடியுமா என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்து, பிறகு அழுது, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். மிஸ்ஸம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலில் நான் நின்றிருந்தேன்.

“கோப்பை உனக்குத்தான் பாக்கியமணி. இத்தனை வருஷம் நீதானே சுமந்தாய்” என்றார்.

அக்காவின் மூக்கு சிவந்தது.

“அவகிட்டத் தகரத்தைக் கேட்டு வாங்கியிருக்கீங்க. சீமைக்குப் போகுது அது. எனக்கு உங்க சாமானையே திருப்பிக் குடுக்கிறீங்க. எங்க வீட்டிலேருந்து எடுத்துட்டுப் போக ஒண்ணுமே இல்லையா மிஸ்ஸம்மா?”

மிஸ்ஸம்மா சுற்றிலும் பார்த்தார்.

“உன் வீட்டு டம்ளர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாதே, புள்ள.”

உண்மைதான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அக்கா தன் வீட்டு ஏனத்தில் அவருக்கு ஊற்றியதில்லை. மற்ற வீடுகளில் கூடை நின்று எத்தனையோ வருஷம் ஆகியும், இந்த வீட்டில் மட்டும் மிஸ்ஸம்மா உட்கார்ந்ததும் கோப்பைதான் வந்தது. அந்தக் கோப்பையாவது தன்னிடம் இருக்கிறதே என்று அக்கா நினைத்திருந்தார்.

கீழே கார் ஹோர்ன் அடித்தது. அடுப்பு அணைந்திருந்தது. அக்கா சுவர்த்தட்டிலிருந்து பித்தளை டம்ளரை எடுத்தார். பானையிலிருந்து பச்சைத்தண்ணீரை மொண்டு நீட்டினார். மிஸ்ஸம்மா இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே முழுதும் குடித்தார். டம்ளரைக் கேட்பார் என்று நான் நினைத்தேன், அவரும் பையைத் திறந்தார். அக்கா டம்ளரை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இதைக் குடுக்க மாட்டேன் மிஸ்ஸம்மா. நீங்க எங்க வீட்டு ஏனத்திலே குடிச்சது இது ஒண்ணுலதான். மன்னிச்சுக்குங்க.”

மறுவாரம் காளியாயி அக்கா வீட்டுக்கு வந்தாள். வீட்டில் இருந்த டம்ளர் சீமைக்குப் போய்விட்டதால் தனக்குச் சாயத்தண்ணிக்கு வழியில்லை என்று வாசலிலேயே கேலி பேசினாள். அக்கா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நீலப்பூக் கோப்பையில் ஊற்றி, தட்டோடு வைத்தார்.

“என்னாக்கா, திரும்பவும் கோப்பையா?” என்றாள் காளியாயி. “அந்தப் பித்தளையிலே குடுங்க.”

“அதிலே மட்டும் உனக்கு ஊத்த மாட்டேன்” என்றார் அக்கா. சாகும்வரை ஊற்றவும் இல்லை.