முதல் வியாபாரம்

மெல்பனில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் எல்லாம் இருந்தது, அம்மி மட்டும் இல்லை. மெஷினில் அரைத்த சம்பல் மனைவியின் வாய்க்குப் பிடிக்கவேயில்லை. நான் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாள். எழுபதுகளின் நடுவில் கப்பல் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டபோது வாசலில் நின்று சொன்னாள்:

"அங்கையும் சனம் மிளகாய் அரைக்குதாம். ஒரு அம்மியோட வாங்கோ. இல்லாட்டி என்னை ஊருக்கு அனுப்பி விடுங்கோ."

"ஓம், கொண்டு வாறன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மெக்சிக்கோவின் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியமுன்னரே பஸ் பிடித்து ஒரு மலைக் கிராமத்துச் சந்தைக்குப் போனேன். மாலைக்குள் திரும்ப வேண்டும்.

ஓலைப் பாய்களையும் கரிய மண்பானைகளையும் கடந்து போனால், ஒரு பெண்ணின் முன்னால் மூன்று கால் வைத்த அம்மி. ஒன்றே ஒன்று. அதன்மேல் குழவி. அவள் விரல்களால் விலை காட்டினாள். நான் பாதி காட்டினேன். முடியாதென்று கையசைத்தாள்.

காலையில் முதலில் வரும் ஆளை வெறுங்கையோடு அனுப்ப எங்கள் ஊரில் எந்த வியாபாரியும் துணியமாட்டார். அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பார்கள். அவளுக்கு நான்தான் முதல் ஆள் என்ற நம்பிக்கையில் மெதுவாக விலகி நடந்தேன். அவள் கூப்பிடவில்லை. உடனே திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது.

சந்தையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் சோள ரொட்டியைக் கருஞ்சிவப்பு மிளகாய்க் குழம்பில் தோய்த்துத் தின்றேன். அதில் கொக்கோ வாசமும் இருந்தது. ருசிதான். ஆனால் மனம் அம்மியிலேயே நின்றது. பாதியில் எழுந்து ஓடினேன்.

அம்மிக்காரியிடம் ஒரு கிழவி பேரம் பேசாமல் காசை நீட்டிக்கொண்டிருந்தாள். விற்றவள் அந்தக் காசால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், நம்மவர்கள் கண்ணில் ஒற்றுவதுபோல. அவளுக்கும் முதல் வியாபாரம் பெரிதுதான். அது நானாக இருக்க வேண்டும் என்றில்லை.

கிழவி தன்னிடம் ஏற்கெனவே ஒரு குழவி இருப்பதாகச் சைகை காட்டி, அம்மியை மட்டும் எடுத்துக்கொண்டு குழவியை விட்டுப் போனாள். விற்றவள் கேட்ட விலைக்கே அந்தக் குழவியை வாங்கினேன்.

வீட்டில் சாக்கை அவிழ்த்த மனைவி கேட்டாள், "அம்மி எங்கை?"

நடந்ததைச் சொன்னேன்.

"இஞ்சை கடையிலை பாண் கேக்கவே வாய் திறக்கமாட்டீங்கள். அங்கை போய்ப் பேரம் பேசினீங்களோ?"

அவள் குழவியைக் கழுவினாள், பின்படியின் சீமெந்தில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"உருளுது. இதுக்கு ஒரு கல்லுத் தேடுங்கோ. இந்த நாட்டிலை கல்லுமோ இல்லை?"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மறுபடி வெளியே இறங்கினேன்.