எங்கள் எவர்சில்வர் சுவர்

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை ஒரு சுவருக்காக. அந்தச் சுவர் அப்போது கட்டப்படவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். என் கணவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பாடியிலேயே ஒற்றை அறையில் குடியிருந்தோம். அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். காற்று என்பது வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் கிடைப்பது என்றாகிவிட்டது. அதனால் அம்பத்தூரில் சின்னதாக ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேற்குப் பார்த்த வீடு. முன்கூடத்துக்குத் தெருப்பக்கம் சுவரே வேண்டாம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திறப்பாக இருக்கட்டும் என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இரண்டு பேரும் காலையில் பூட்டிக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் வருவோம். அப்படித் திறந்து போட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது அடுப்புகூட மிஞ்சாது என்றார். கம்பி போடலாமே என்றேன். கம்பிக்குள் கை நுழையும், தெருவில் போகிற அத்தனை பேர் கண்ணும் நுழையும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் ஏழு பேர் ஒரு கூடத்தில் படுத்து வளர்ந்தவள் நான். அங்கேகூட இதைவிடக் காற்று வரும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு சாப்பாடு பரிமாறும்போது மட்டும் பேசிக்கொண்டோம்.

அந்த வாரத்தில்தான் அந்தத் தகட்டைப் பார்த்தேன். வேலை முடிந்து பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிரில் வரிசையாகப் பழைய இரும்பு விற்கும் காயலான் கடைகள். ஒரு கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு எவர்சில்வர் தகடு சாய்த்து வைத்திருந்தார்கள். ஏதோ தொழிற்சாலையில் பிரஸ்ஸில் போட்டு வட்ட வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழித்துவிட்டார்கள். தகடு முழுக்க ஓட்டை. ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில் விரல் அகலம்கூட இல்லை. சாயங்கால வெயில் அதன் வழியாகப் போய்ப் பின்சுவரில் காசு காசாக விழுந்திருந்தது. அந்தச் சுவர் கரி படிந்த அழுக்குச் சுவர். அந்த நேரத்தில் அதைவிட அழகான சுவரை நான் பார்த்ததில்லை.

நான் நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர் வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"இன்னாம்மா பாக்குற? அசல் எவர்சில்வர்தான். ஆனா கொயம்பு ஊத்த முடியாது" என்றார்.

வீட்டுச் சுவருக்கு வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு, இது துரு பிடிக்காது, வெயில் மழைக்கு அசையாது, வளைக்கிறதுக்குள் கை உடைந்துவிடும், திருடன் வந்தால் அவன் பாடுதான் திண்டாட்டம் என்றார். என் கணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் என் கணவரைக் கையோடு கூட்டிப் போனேன். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். தகட்டைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த ஃபிட்டர் விழித்துக்கொண்டார். விரலால் தட்டிப் பார்த்தார். ஓரத்தைத் தடவிப் பார்த்து விரலை வெட்டிக்கொண்டார். ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே, "கனமாத்தான் கீது" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எங்கள் சண்டை முடிந்தது.

ஆனால் ஒரு தகடு போதாது. முன்பக்கம் முழுவதையும் நிரப்ப வேண்டும். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். புதிதாகக் கல்யாணமானவர்கள் கடற்கரைக்கும் சினிமாவுக்கும் போவார்கள். நாங்கள் சைக்கிளில் காயலான் கடைகளுக்குப் போனோம். நான் பின் கேரியரில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் கடைகளைக் காட்டுவேன். பாடி முடிந்தால் அம்பத்தூர், அங்கேயும் இல்லையென்றால் பூந்தமல்லி ரோடு. பெண் பார்க்க வந்தபோது மூன்று வார்த்தை பேசாத மனுஷர், துருப்பிடித்த டிரம்களுக்கும் லாரி சக்கரங்களுக்கும் நடுவில் நின்று வாய் ஓயாமல் பேசினார். சொந்த ஊர் நூம்பலில் அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டது, தான் முதன்முதலில் தொழிற்சாலைச் சங்கு கேட்டுப் பயந்தது எல்லாம் எனக்கு அங்கேதான் தெரியவந்தது. ஒரு கடையில் பாட்டிலில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் குடித்தோம்.

தகடுகள் எல்லாம் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. சிலதில் தோசைக் கரண்டி அகலத்துக்கு வட்டம். சிலதில் கால் ரூபாய் அளவு. சிலதில் நீள நீளமாகக் கீறியதுபோல் வெட்டு. இப்படி வேறு வேறாக இருந்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்குமே என்று அவர் கவலைப்பட்டார். நான் அவற்றை மனையில் கொட்டியிருந்த மணல்மேல் பரப்பினேன். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தரையோடு உட்கார்ந்தால் தெருவிலிருந்து தெரியக்கூடாது. ஆகவே சின்ன ஓட்டைத் தகடுகள் கீழே. மேலே சூடு வெளியேற வேண்டும். ஆகவே பெரிய வட்டங்கள் மேலே. நீள வெட்டு இரண்டு ஓரத்திலும் கரை மாதிரி. புடவைக்கு உடல் எது, கரை எது என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். வேறு படிப்பு எனக்குக் கிடையாது.

மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஊட்டுக்கு செவுரு வைப்பாங்க. சல்லடை வச்சு யாரும் பாத்ததில்லம்மா" என்றார். நாளைக்கு யாராவது கேட்டால் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் திறப்பைச் சரியாகத்தான் விட்டுக் கொடுத்தார்.

தகடுகளின் ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. என் கணவர் வேலை விட்டு வந்ததும் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளி ஓரம் மட்டும் போதாதா, ஒவ்வொரு ஓட்டையையும் ஏன் ராவுகிறீர்கள், வெளியில் தெரியவா போகிறது என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "நாளைக்கு நம்ம புள்ள இதப் புட்சிகினு நிக்கும் இல்ல?"

அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுவரை அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததுமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு அரத்தை எடுத்துக்கொண்டேன்.

அவருடைய நண்பர் ஒருவர் இரும்பு ஆங்கிளில் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தார். தகடுகளைப் போல்ட்டுப் போட்டு அதில் முடுக்கினோம். வைகாசியில் கிரகப்பிரவேசம். காலையில் பால் பொங்கியது. சாயங்காலம் எல்லோரும் மிச்சப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது வெயில் மேற்கே இறங்கியது. கூடத்துத் தரை முழுக்க வெளிச்ச வட்டங்கள் வந்து விழுந்தன. வந்திருந்த குழந்தைகள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாண்டிக் குதித்தார்கள். என் அம்மா அந்த வட்டங்களுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் புடவையிலும் கையிலும் விழுந்த வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். புருஷனுக்கு ஆவடியில் வேலை. அவர்கள் வீட்டில் அடுப்பு முன்பக்க ஜன்னல் ஓரமாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தாம்மே, உன் ஊடு என் அடுப்படில வந்து குந்திகினு கீது."

எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் சமையலறையில் நிறுத்தினாள். அங்கே நின்றதும் என்னாலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கள் தகடுகள் மேற்கு வெயிலை அப்படியே வாங்கி அவள் அடுப்புக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, நாலு மணியிலிருந்து குருடி மாதிரி சமைக்கிறேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் நிறப் பெயிண்ட் வாங்கி வந்தார்.

டப்பாவைத் திறக்கப் போகும்போது அக்கா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"இன்னா பண்றீங்க? எவர்சில்வருக்குப் போயி பெயிண்டா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "புதுச் சொம்பு கண்ணாடி மாதிரி கீது. மண்ணப் போட்டு நாலு தபா தேச்சா அந்தப் பளபளப்பு எங்க போவுது? உன் ஊட்டயும் தேச்சி உடு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரும் ஒரு முறம் சலித்த மணலுமாக அவளே வந்தாள். பின்னாலேயே அந்தத் தெருப் பெண்கள் இன்னும் சிலர் வந்தார்கள். என் கணவர் உப்புத்தாளுடன் மேல் வரிசைக்கு ஏணி போட்டு ஏறினார். கீழே நாங்கள். மேலிருந்து கீழாக ஒரே போக்கில் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று அவர் ஏணியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்? மாமியார் கதை, ரேஷன் கடைக் கதை, யாரோ ஒருத்தி முத்தாபுதுப்பேட்டையில் பெண் பார்த்துவிட்டு வந்த கதை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு வீட்டைப் பாத்திரம்போல் தேய்த்தோம். வேடிக்கை பார்க்க நின்ற ஆண்கள் கையிலும் அக்கா நாரைத் திணித்துவிட்டாள்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். கூவிக்கொண்டே வந்தவர் எங்கள் வீட்டைப் பார்த்ததும் கூவலைப் பாதியில் நிறுத்தினார்.

"இந்தச் செவுத்துக்கு எத்தினி பொடவ போடணும்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தெருவுல அத்தினி பேர் கல்யாணப் பட்டுப் பொடவயும் போட்டாக்கூட கட்டாதும்மா" என்றார் தீவிரமாக. ஏணிமேல் இருந்த என் கணவர் சிரித்த சிரிப்பில் உப்புத்தாள் கைநழுவி அக்காவின் தலையில் விழுந்தது.

மத்தியானத்துக்குள் கண்ணாடிப் பளபளப்பு போய்விட்டது. மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு மங்கலான வெள்ளை வந்திருந்தது. சாயங்காலம் எல்லோரும் அக்காவின் அடுப்படியில் கூடி நின்று காத்திருந்தோம். வெயில் இறங்கியது. எங்கள் சுவர் எதையும் திருப்பி அடிக்கவில்லை. சும்மா மினுங்கிக்கொண்டு நின்றது. வலது ஓரத்தில் ஒரு தகடு மட்டும் சுழி சுழியாகத் தெரிந்தது. அது அக்கா தேய்த்தது. அவள் கை வட்டமாகத்தான் தேய்க்கும். மறுபடி நேராகத் தேய்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஆடிக் காற்று வந்தபோது இன்னொரு சோதனை. முதல் நாள் காற்றிலேயே சுவர் முழுக்க டமடமவென்று அடித்துக்கொண்டது. மாட்டு வண்டியில் பாத்திரக் கடையை ஏற்றிக்கொண்டு போவதுபோல் ஒரு சத்தம். அவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து மறுபடி முடுக்கினார். சத்தம் நின்றது. காற்று மட்டும் உள்ளே வந்தது. கூடத்தில் படுத்தால் போர்வை பறக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். தன் வீட்டில் துணி துவைக்கிற இடத்தில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கிறது, இரண்டு தடவை வழுக்கிவிட்டது, அதற்கும் உன்னிடம் ஏதாவது வழி இருக்கிறதா என்றாள். சைக்கிளை விட்டுவிட்டு மூன்று பேருமாகப் பஸ்ஸில் பாடிக்குப் போனோம். காதில் பென்சில் செருகிய அதே கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு கட்டு கனமான எவர்சில்வர் பட்டைகளை எடுத்துப் போட்டார். ஓட்டைத் தகடுகளையும் தனியாக எடுத்து வைக்கிறாராம். மேஸ்திரி யாரோ ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார் என்றார். யாரந்த மேஸ்திரி என்று நாங்கள் கேட்கவில்லை. தன் பெயரைச் சொல்லக்கூடாது என்றவரை நினைத்து நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பட்டைகளை விரல் இடைவெளி விட்டு அடுக்கி, கீழே ஒரு வாய்க்கால் வெட்டி அதன்மேல் பதித்தோம். அக்கா வெறுங்காலோடு ஏறி நின்றாள். கால் விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தன் காலிலேயே கொட்டினாள். கண் இமைப்பதற்குள் தண்ணீரைக் காணோம். இன்னொரு குடம். அப்புறம் இன்னொன்று.

"இந்தா, எங்க போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் ஏறி நின்று, தன் பங்குக்கு ஒரு குடம் ஊற்றினார்.