அவருடைய கதையை நான் சொன்னேன்

கலியாணம் செய்யப் போகிறவர்களுக்கு நான் சில வருடங்கள் படிப்பித்தேன். என்னத்தைப் படிப்பித்தாய் என்று யாராவது கேட்டால் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

எங்கள் முதல் பிள்ளை பிறந்து பதினொரு நாளில் போய்விட்டான். சேமக்காலையில் அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலையும் என் கணவர் செபமாலையைக் கையில் எடுத்தார். எங்கள் வீடுகளில் குடும்பத் தலைவர்தான் ஒவ்வொரு செபத்தின் முன்பாதியையும் சொல்லுவார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னார், நான் அழுது அழுது பதில் சொன்னேன். ஒரு நாள்கூட அவர் விடவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடத்தைத் தாண்டினேன்.

பிறகு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பின்னேரம் டச்சு பே கடற்கரை மணலில் பிள்ளைகள் விளையாட, நாங்கள் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதும் இலிகிதர், அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கு அவராகவே தொடங்கினார்.

"அந்த வருசம் முழுக்க எனக்கு விசுவாசம் இருக்கேல்ல. வெறும் வாயாலதான் செபிச்சனான். நிப்பாட்டினா நீர் உடைஞ்சு போயிடுவீர் எண்டு பயம். இதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல, பாவசங்கீர்த்தனத்தில சுவாமிக்கும் சொல்லேல்ல."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் உண்மையாகவே பிடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் சமய பாட ஆசிரியை. அதனால் எங்கள் கோயில் பங்குச் சுவாமி எங்களைக் கூப்பிட்டு, கலியாணத்துக்குப் பெயர் எழுதிய சோடிகளுக்கு ஞாயிறு பூசை முடிய வகுப்பு எடுக்கச் சொன்னார். என் கணவர் தயங்கினார். இரண்டு பேருக்குமாக நானே ஓம் என்று சொல்லிவிட்டேன். பெருமைதான், வேறென்ன!

முதல் வகுப்புக்கு நாலு சோடி வந்தது. நான் பாடத்தைச் சொல்லச் சொல்ல அதுகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. ஒரு பொடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இவர்களை நிமிர்ந்து உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று புத்தகத்தை மூடினேன்.

"இந்தா இருக்கிறாரே என்ர மனுசன், எங்கட பிள்ளை செத்த பிறகு இவருக்கு விசுவாசமே போயிட்டு. நான்தான் முழங்காலில நிண்டு நிண்டு மீட்டெடுத்தனான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். நான் நிறுத்தினேனா? இல்லை. அவர் என்னைத் தாங்கிய வருடத்தை, நான் அவரைத் தாங்கிய வருடமாக மாற்றிச் சொல்லி முடித்தேன். வகுப்பிலிருந்த பெண் பிள்ளைகள் கண்ணைத் துடைத்தன. நல்ல சாட்சியம் ரீச்சர் என்றார் சுவாமி.

பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். "அது உமக்கு மட்டும் சொன்ன கதை," என்றார்.

"நல்லதுக்குத்தானே சொன்னனான்! நாலு சனம் திருந்தட்டுமே!"

"நடந்ததும் அப்பிடி இல்லையே."

நான் சத்தம் போட்டேன். வழி முழுக்கப் போட்டேன். அன்று மாலை அவர் செபமாலையை எடுக்கவில்லை, விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். முன்பாதியை நான் சொன்னேன், பிள்ளைகள் பதில் சொன்னார்கள். நாளைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மாதக் கணக்காக வரவில்லை. வகுப்புக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

விசுவாசம் இல்லாத வருடத்திலேயே செபித்த மனிதர் அவர். அவரை நான் செபிக்காமல் ஆக்கிவிட்டேன். அது தெரிந்தும், வெட்கம் கெட்டவள், அடுத்த சோடிகளுக்கும் அதே கதையைச் சொன்னேன். கடையில் பாண் வாங்கும் வரிசையில் ஒரு பெண், "ஐயாவை நீங்கள்தானாம் ரீச்சர் திருப்பிக் கொண்டு வந்தனீங்கள்," என்றபோது சிரித்துத் தலையாட்டினேன். வீட்டில் மன்னிப்புக் கேட்க மட்டும் நாக்கு எழும்பவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த முதல் வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகளில் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அதற்குக் குழந்தை செத்துப் பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. என்னிடம்தான் வருகிறது என்று நான் கதவடிக்குப் போனேன்.

"ரீச்சர், ஐயாவோட கொஞ்சம் கதைக்கலாமோ?"

அவருக்கு முன்னால் இருந்து அந்தப் பிள்ளை கேட்டது: "எனக்குச் செபிக்க ஏலாமக் கிடக்கு ஐயா. உங்களுக்கு எப்பிடித் திரும்பி வந்தது?"

நான் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றுவிட்டேன். இப்போது சொல்லப்போகிறார், இவள் சொன்னது பொய் என்று. சொன்னால் நியாயம்தான். கோப்பையைக் குசினி மேசையில் திரும்ப வைத்தேன்.

"முழுசா இன்னும் வரேல்ல பிள்ளை," என்றார். "ஆனா பக்கத்தில மனிசி இருந்தவ. நான் சொன்னா பதில் சொல்ல ஒராள் இருந்தது. அதாலதான் அந்த வருசத்தைக் கடந்தனான். உமக்கு ஏலாட்டிப் பரவாயில்லை, சும்மா இரும். உமக்காக நாங்கள் சொல்லுறம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இஞ்ச வாரும்."

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. நான் திருடிய கதையை அவர் தானாகவே அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். எங்கேயாவது ஓடி ஒளிக்கலாம் போலிருந்தது. ஆனால் போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன்.

அவர் முன்பாதியைச் சொன்னார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்! பின்பாதி என்னுடையது. வாயைத் திறந்தேன், முதல் சொல்லே வரவில்லை. அவர் காத்திருந்தார். மறுபடியும் திறந்தேன், வரவில்லை.

அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, செபிக்க ஏலாது என்று வந்த அதுவே, உடைந்த குரலில் எனக்காகப் பதில் சொன்னது.