சார் பேரில் போட்ட பாலிசி

இன்று காலை ராபர்ட்சன்பேட்டையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் பார்க்கப் போனேன். பழைய ஹெரால்ட் காரை விற்று அம்பாசிடர் வாங்கியாயிற்று. பாலிசி முடிய இன்னும் பாதி வருடம் இருக்கிறது. அதைப் புது வண்டிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வண்டிப் பேப்பர்களை முந்தாநாளே அனுப்பியிருந்தேன்.

"நேத்தே மாத்திட்டேன்மா," என்றார். "பெரிய வண்டியாச்சே, சார் பேருலயே போட்டுட்டேன்."

சார் என்பது என் கணவர். தங்கச் சுரங்கத்தில் சர்வேயர். கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறிப் பாதாளம் வரை இறங்குவார். ஸ்டீயரிங்கைத் தொடப் பயப்படுவார்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. லைசென்ஸ் என்னுடையது. இத்தனை வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியதற்குக் கிடைத்த தள்ளுபடியும் என்னுடையது. பெயர் மாறினால் அது போய்விடும்.

இதைச் சொன்னேன்.

"அதுக்கு இன்னாம்மா, நீங்க வேற அவரு வேறயா? திருப்பி மாத்தணும்னா சாரை வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"என் பேரை எடுத்தப்போ யாரு கையெழுத்துப் போட்டாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் பெயரைத் திரும்ப எழுதி முத்திரை குத்தும் வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே நல்ல மழை. ஏஜென்ட் குடையில்லாமல் பின்னாலேயே வந்தார்.

"சாம்பியன் ரீப்ஸ் பக்கம்தானே போறீங்க? என்னையும் ஏத்திக்குங்கம்மா."

"சாரைக் கேட்டுச் சொல்றேன்," என்று வண்டியைக் கிளப்பினேன்.

சாருக்கு ஷிப்ட் முடிந்து மேலே வரச் சாயங்காலம் ஆகும். அந்தப் பக்கம் போகிறவர்கள், ஏஜென்ட் இன்னும் வாசலிலேயே நிற்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.