அக்கா கொண்டுவந்த ரஸ்தாளிக் கட்டைகள்

அக்காவின் தோட்டத்தில் ரஸ்தாளி வாழை ஒவ்வொன்றாக வாடிச் சரிந்த வருஷம், மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த ஒரே ஒரு குத்து மட்டும், தாய்மரமும் பக்கக் கன்றுகளுமாக, பச்சை குறையாமல் நின்றது. அக்கா இருப்பது மதுக்கரைக்குத் தெற்கே. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் வாழை, கொஞ்சம் தக்காளி. மச்சான் இறந்த பிறகு அவளே தனியாகப் பண்ணையம் பார்த்து வந்தாள். வாடல் நோய்க்கு என்னென்னவோ மருந்து வாங்கி ஊற்றியும் மரங்கள் நிற்கவில்லை. மனம் ஓய்ந்துபோயிருந்தவளின் குரலில் அன்று போனில் ஒரு துள்ளல் கேட்டது.

"அம்மணி, சுத்தியும் எல்லாம் போயிருச்சு. இது ஒண்ணு மட்டும் கல்லாட்டம் நிக்குது. தாரும் தள்ளியிருக்குது. வந்து பாரு வா."

நான் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் வெட்டிப் போட்ட மரங்களின் காய்ந்த சருகு. நடுவில் அந்தக் குத்து, கனத்த தாரோடு. கொட்டகையைக் கழுவுகிற தண்ணீரும் சாணியும் வருஷக்கணக்காக அந்த மூலையில்தான் போய்ச் சேர்ந்திருந்தன. அக்காவோ நானோ அதை யோசிக்கவில்லை. மரத்தைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது எங்கள் காடு. பல வருஷம் கரும்பு போட்டு அலுத்து, வாழைக்கு மாறலாம் என்று நானும் வீட்டுக்காரரும் அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா அதைக் கேட்டதும், "ஒரு வரிசைக்குக் கட்டை நான் கொண்டாரேன்" என்றாள். அந்தக் குத்தின் பக்கக் கன்றுகளைக் கொட்டகையைச் சுற்றியே நட்டு, அவற்றிலிருந்தும் கன்று எடுத்துச் சேர்த்தாள். பிறகு நடுவதற்கான கட்டைகளாகக் கிழங்கோடு வெட்டி, மண் போக அலசி, வேரைச் சீவி, சாக்குகளில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கோயமுத்தூர் காந்திபுரத்தில் வண்டி மாறி அவள் எங்கள் ஊரில் இறங்கியபோது சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"கண்டக்டரு லக்கேஜு போடோணுங்கறான். ஏனுங்க, தங்கச்சிக்குக் கொண்டுபோற சீருக்கெல்லாமா லக்கேஜு போடுவீங்கன்னு கேட்டேன். உட்டுட்டான்!"

வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "வாடல் வந்த தோட்டத்துக் கட்டையாச்சுங்களே, அக்கா?"

"வாடல் வந்து தப்பிச்ச கட்டைங்க, தம்பி. இதுக்கு இனி ஒண்ணும் வராதுங்க."

அம்மை வந்து போன குழந்தைக்கு மறுபடி அம்மை வராது என்கிற மாதிரி அவள் சொன்னாள். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. முதல் கட்டையை அக்காவே குழியில் வைத்து மண் தள்ளினாள். அவள் கொண்டுவந்தது வாய்க்கால் மடையை ஒட்டிய முதல் வரிசைக்குச் சரியாக இருந்தது. மீதிக் காட்டுக்கு வெளியில் வாங்கி நட்டோம்.

தார் தள்ளும் முன்பே அந்த வரிசையில் அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாயின. பிறகு காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கின. வீட்டுக்காரர் ஒரு மரத்தை வெட்டிக் காட்டினார். உள்ளே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. மடைத் தண்ணீர் முதல் வரிசையைக் கடந்துதான் மற்ற வரிசைகளுக்குப் போகும். நோயும் அதே வழியில் போனது.

அன்று சாயங்காலம் அக்கா எதற்கோ போன் செய்தாள். நான் அடுப்படியில் இருந்ததால் வீட்டுக்காரர் எடுத்தார். கோபமாகப் பேசுகிறவர் இல்லை அவர். "உங்க வரிசையிலதானுங்க ஆரம்பிச்சிருக்குது, அக்கா" என்று நடந்ததைச் சொன்னார். அவள் "அப்படீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாள் தள்ளத் தள்ள இன்னும் தெரியாமல் போனது.

கோயமுத்தூரிலிருந்து பயிர் நோய் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எங்கள் பக்கம் விவசாயிகள் கூட்டத்துக்கு வந்திருந்தார். சின்ன வயசு. எங்கள் காட்டுக்கும் வந்து வேரைத் தோண்டிப் பார்த்தார். அக்காவின் குத்தைப் பற்றி நான் சொன்னபோது, குனிந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"அது நோயில்லாத மரம் இல்லீங்க. நோயை உள்ள வெச்சுக்கிட்டே தாங்கி நின்ன மரம். தாங்க வெச்சது அந்த எடத்து மண்ணுங்க."

வாழை மரத்தின் அடியிலேயே உட்கார்ந்து அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. வேர் மண்ணிலிருந்து உறிஞ்ச மட்டும் செய்வதில்லையாம். இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வெளியே விடுகிறதாம். அதைத் தின்ன நல்ல பாக்டீரியாக்களும் பூஞ்சாணங்களும் வேரில் வந்து குடியேறுகின்றன. வாடல் பூஞ்சாணத்துக்கு இடமும் இரும்புச் சத்தும் கிடைக்காதபடி சில பிடித்துவைத்துக்கொள்கின்றன. சில அதையே தின்கின்றன. அவை வேரில் இருப்பதாலேயே மரமும் உஷாராகி, நோய் வந்தால் எதிர்க்கத் தயாராக இருக்கிறதாம். அக்கா மண் போக அலசி வேரைச் சீவியபோது அந்தக் கூட்டம் கொட்டகை மூலையிலேயே நின்றுவிட்டது. கிழங்குக்குள் ஒளிந்திருந்த நோய் மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது. கரும்புக்கு உரமும் களைக்கொல்லியும் போட்டுப் போட்டு வைத்திருந்த எங்கள் மண்ணில் அதைத் தடுக்க ஆளில்லை.

"அந்தக் குத்து இன்னும் இருக்குதுங்களா? வேர் மண்ணு கொஞ்சம் கெடச்சா, அதுல என்ன இருக்குதுன்னு பிரிச்சு வளத்துப் பாக்கலாமுங்க" என்றார். அவருடைய ஆவல் எனக்கும் தொற்றிக்கொண்டது. அக்காவைக் கூப்பிட்டேன். நாங்கள் வருகிறோம் என்றதும், "வாங்க" என்றாள்.

போனோம். அக்கா காப்பி கொடுத்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனாள். குத்து இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"தம்பி போன்ல சொன்னதுமே ஆளு வெச்சுத் தோண்டி, கன்னு பூராத்தையும் எரிச்சுப்போட்டேனுங்க. மண்ணுல பிளீச்சிங் பவுடரக் கொட்டிப்போட்டேன். இன்னொருத்தருக்கு இது போகக் கூடாதுன்னுதானுங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"வெட்டி எரிச்சது சரிதானுங்க" என்றார் அவர். மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குழிக்கு வெளியே கொஞ்சம் மண் சுரண்டிப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்ப அந்த மண்ணு நல்ல மண்ணுங்களா?"

அந்தப் பெண் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"மரத்தையே பாத்துட்டு இருந்தேனே. மண்ணத் தெரியாமப் போச்சே" என்றாள் அக்கா.

கிளம்பும்போது அவளைத் தனியாக அழைத்து, "இதுல உன்ற தப்பு என்னக்கா இருக்குது? யாருக்குமே தெரியலியே" என்றேன்.

"என்ற கையாலதான குடுத்தேன், அம்மணி" என்றாள்.

அந்த மண்ணில் தேடிய நல்ல பூஞ்சாணமோ பாக்டீரியாவோ எதுவும் கிடைக்கவில்லை, பிளீச்சிங் பவுடரில் அவையும் செத்திருக்கும் என்று கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் தகவல் சொன்னார். அவர் சொன்னபடி நாங்கள் வாழையை அழித்து, தண்ணீர் கட்டி நெல் போட்டோம். விரிடி என்று கடையில் விற்கிற நல்ல பூஞ்சாணப் பொடியைத் தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வளரவிட்டு, காட்டில் இறைத்தோம். இப்போது கதளி வாழை நிற்கிறது. இன்னமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு மரம் வாடத்தான் செய்கிறது. ஆனால் முன்பு போல வரிசையாகப் போகவில்லை.

வீட்டுக்காரர் அக்காவிடம், "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க, அக்கா" என்று ஒருநாள் சொன்னார். "சொல்லாம இருந்திருந்தாத்தானுங்க தப்பு" என்று அவள் சிரித்தாள். பண்டிகைக்கு வருகிறாள், போகிறாள். வாழையை அவள் விட்டுவிட்டாள். தக்காளி மட்டும் போடுகிறாள். போன தடவை வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் வைக்கக் கொஞ்சம் தக்காளி நாற்று கொண்டுவரச் சொல்லிக் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"நர்சரியிலயே வாங்கிக்க, அம்மணி. அதுதான் சுத்தமா இருக்கும்" என்றாள், பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் வாங்கிவந்த வர்க்கி பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடி.